அக்காள் அலைக்குப் பரிசு வாங்கினது

அந்தப் பரிசு எதற்கு என்று கேட்டால் இன்றைக்கும் கொஞ்சம் நின்று யோசித்துத்தான் சொல்லுவேன். அகச்சிவப்புக் கதிர், மில்லிமீட்டர் அலை. இந்த இரண்டிலும் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வெளிநாட்டில் வருசா வருசம் கொடுக்கிற பரிசு. ஒரு வருசம் அதை என் அக்காளுக்குக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில்.

நான் எட்டாவதோடு நின்றவன். சூலூரில் விசைத்தறி. தறி ஓடுகிற இடத்தில் பேசினால் யாருக்கும் கேட்காது. பேசாமலே பழகிவிட்டது. எனக்கு மூத்தது ஒரே அக்காள். அவள் நிற்கவில்லை. பவுதிகம் படித்து, அதற்கு மேலும் படித்து, கோயமுத்தூரில் ஒரு காலேஜில் பாடம் எடுத்தாள். கல்யாணமாகி மச்சானோடு கணபதியில் குடியிருந்தாள்.

சேதி போனில் வந்தது. தறிச் சத்தத்தில் மணி கேட்காது என்று போனோடு ஒரு பல்பு சேர்த்து வைத்திருந்தோம். அது எரிந்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"தம்பி, எனக்கு ஒரு பரிசு கொடுத்திருக்காங்கடா. காலேஜுக்கு பேக்ஸ் வந்திருக்குது."

"செரிங்கக்கா. எதுக்குங்க?"

"அலைக்கு."

"எந்த அலைங்க?"

"அது போன்ல சொல்றதில்ல. நேர்ல வா, சொல்றேன். ஆனா நான் போகலை. அன்னிக்குத்தான் உனக்குச் சீர்."

வைத்துவிட்டாள்.

அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம். தாராபுரத்துப் பக்கம் பெண். உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ணி நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் சனத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பொழுது சாய இணைச்சீர் என்று ஒன்று செய்வார்கள். மாப்பிள்ளையும் அவன் கூடப் பிறந்தவளும் சேர்ந்து நிற்பார்கள். கூறைச் சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறுதலைப்பு அவள் கையில். பெண்டாட்டி வந்த பிறகும் இந்த வீட்டில் உனக்குப் பாத்தியதை உண்டு என்று கூடப் பிறந்தவளுக்குச் சனத்துக்கு முன்னால் சொல்லுகிற சீர். அவளுக்குத் தனியாக ஒரு சேலையும் எடுத்துக் கொடுப்பார்கள். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குச் சித்தப்பா மகளோ பெரியப்பா மகளோ நிற்பாள். கூடப் பிறந்தவள் இருந்தும் நிற்கவில்லை என்றால் அண்ணன் தம்பியோடு அவளுக்கு முறிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு வேறு அர்த்தம் எங்கள் ஊரில் கிடையாது.

வீட்டில் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பரிசை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பமாட்டாங்களாமா?"

சித்தப்பா வந்திருந்தார். நூல் வியாபாரி. ஊரில் பாதித் தறிக்கு அவர்தான் நூல் போடுகிறவர்.

"மெடல் தங்கமா, வெங்கலமா? வெங்கலம்னா அதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்? நம்மூரு பாத்திரக்கடையிலயே வாங்கிக்கலாம்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எந்த அலை என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. கடல் அலை இல்லை என்பது வரைக்கும் தெரியும். அடுத்த புதன்கிழமை கரண்ட் இல்லை. தறியை விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அக்காளுடைய லேப் மாடியில் ஒரு மூலை. பெரிய மெசின் இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஒரு மேசை இருந்தது. மேசைமேல் பித்தளையில் இரண்டு சின்னப் புனல், சதுர வாய், எதிரும் புதிருமாக. பக்கத்தில் முள் வைத்த ஒரு மீட்டர்.

"இதுதானுங்களா?"

"இதேதான். எதைத் தேடறே?"

"ஒண்ணுமில்லீங்க."

"இந்தப் புனல்ல இருந்து அலை கிளம்புது. அந்தப் புனல்ல போய் விழுது. எவ்வளவு விழுதுன்னு முள்ளு காட்டும். உன் துண்டைக் கொடு."

தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தேன். நாலாக மடித்து இரண்டு புனலுக்கும் நடுவில் பிடித்தாள். முள் லேசாக அசைந்து அப்படியே நின்றது. துண்டு அங்கே இருப்பதே அதற்குத் தெரியவில்லை. பிறகு குழாயில் நனைத்துப் பிழிந்து பிடித்தாள். முள் பொத்தென்று கீழே விழுந்தது.

"கையை வை."

வைத்தேன். விழுந்தது.

"கையில ஏதுங்க ஈரம்?"

"ஒடம்பே தண்ணிதாண்டா. உனக்குத் தெரியாது, அலைக்குத் தெரியும்."

நான் அன்றைக்கு அங்கே என்னென்ன வைத்துப் பார்த்தேன் என்று எல்லாம் நினைவில்லை. பஸ் டிக்கெட், தீப்பெட்டி, சீப்பு, யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன நோட்டு, மரப்பலகை. எல்லாவற்றிலும் புகுந்து போனது. சோத்துப் போசியின் எவர்சில்வர் மூடியை வைத்தேன். சுத்தமாக நின்றுவிட்டது.

"மூலை திரும்புமுங்களா?"

"தானாத் திரும்பாது. தகடு வச்சாத் திரும்பும்."

ஒரு புனலைத் திருப்பி, அலுமினியத் தகடு ஒன்றைச் சாய்த்துப் பிடித்தாள். முள் மறுபடி எழுந்தது. தகரக் கூரையில் வெயில் பட்டு எதிர்வீட்டுச் சுவரில் அடிக்குமே, அதே வேலை. தகட்டை நான் வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். முள் ஏறி இறங்கியது.

"எல்.கே.ஜி. புள்ளைங்க தேவலாம்" என்றாள்.

"மச்சான் சூடுன்னு ஏதோ சொன்னாருங்களே. அந்தச் சிவப்பு?"

"அடுப்புகிட்டக் கையை நீட்டினா சுடுதில்ல, அதுவும் அலைதான். அதுதான் அகச்சிவப்பு. ரேடியோவுக்கு வர்றதும் அலை. ரெண்டுக்கும் நடுவால ஒரு சந்து இருக்குது. அங்க அலையை உண்டாக்கறதும் கஷ்டம், பிடிக்கறதும் கஷ்டம். அதனால அதிகம் பேர் போகலை. நான் அந்தச் சந்துல ஒரு ஓரமா நிக்கறேன்."

"நின்னு என்னத்தக் கண்டுபிடிச்சீங்க?"

"பஞ்சுக்குள்ள இருக்கிற ஈரம்."

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

ஸ்விட்சை அணைத்தாள். முள் படுத்துக்கொண்டது. நான் கேட்டேன்.

"போகோணும்னு ஆசை இருக்குதுங்களா?"

ஈரத் துண்டை உதறி நாற்காலியில் போட்டாள்.

"இந்தச் சந்துல உலகத்துலயே கொஞ்சம் பேருதான்டா. அத்தனை பேரும் அன்னிக்கு அங்க இருப்பாங்க. அவங்க எழுதினதை எல்லாம் படிச்சிருக்கேன். ஒருத்தர் மூஞ்சியும் பாத்ததில்ல. என்னை நின்னு பேசச் சொல்லியிருக்காங்க. நான் போகாட்டி யாராச்சும் வாசிப்பாங்க. வாசிக்கலாம். கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது?"

அவ்வளவுதான் சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது முடிவு பண்ணிவிட்டேன். இறங்கினதும் நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் மகள், எனக்கு மூத்தவள், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இணைச்சீருக்கு நீங்க நிக்கோணுமுங்க."

குடத்தை இறக்கி வைத்தாள். "நானா? அக்காகிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிக்கலாமுங்க."

வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. அலையைப் பற்றிச் சொல்லவில்லை, பரிசைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளை தன் வாயால் வேறொருத்தியைச் சீருக்குக் கூப்பிட்டால், கூடப் பிறந்தவளைத் தள்ளி வைத்துவிட்டான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் டீக்கடையில் ஒருத்தர் என் தோளில் கை போட்டார்.

"அக்கா தோட்டத்துல பாகம் கேட்டுட்டாளாமா?"

இன்னொருத்தர், "படிக்க வச்சா இப்படித்தாம்பா" என்றார்.

நான் டீயை வைத்துவிட்டு வந்தேன். அம்மா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் பல்பு எரிந்தது.

"என்னை வேண்டாம்னுட்டியாமா?" அக்காள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"நீங்க போறதுக்காகக் கேட்டனுங்க."

"அதை ஊர்ல சொன்னியா?"

"இல்லீங்க."

"போச்சு போ. இனி நான் எப்படிப் போவேன், கண்ணு? முன்னாடியாவது போறதா வேண்டாமான்னு யோசிச்சுட்டிருந்தேன். இப்பப் போனேன்னா ஊரு சொன்னது நெசமாயிரும். நாளைக்கு நான் அம்மா ஊட்டுக்கு வந்தாக்கூட எதுக்கு வந்திருக்கறான்னு பாப்பாங்க."

தறி ஓடிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை என்று நினைத்து அவள் மறுபடி சொன்னாள். முதல் தடவையே கேட்டிருந்தது.

எங்கள் சனத்தில் சீர்களை நடத்திவைக்கிறவருக்கு அருமைக்காரர் என்று பெயர். அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எருமைக்குத் தவிட்டுத் தண்ணி காட்டிக்கொண்டே கேட்டார். முழுவதும் கேட்டார்.

"அக்கா வராட்டி சபையில நான் கேப்பன், எங்கன்னு. கேக்கறது எம்பட வேலை. சொல்றது உம்பட வேலை. சனம் செரின்னா மேல நடக்கும்."

"செரியில்லீன்னா?"

"நிறுத்திப்போட்டு, அவ வந்ததுக்கப்புறம் சீரு."

"முகூர்த்தமுங்க?"

"சீரு இல்லாம ஏது முகூர்த்தம்?"

அக்காளுக்குப் போன் போட்டேன்.

"நீங்க போங்க. சபையில நான் சொல்லிக்கறேன்."

"நீயா? டீக்குச் சக்கரை பத்தலைன்னாக்கூடச் சொல்லாமக் குடிக்கறவன் நீ. என்னடா சொல்லுவே?"

"அலையைப் பத்திச் சொல்றனுங்க."

சிரித்தாள். "அப்ப டிக்கெட் போடச் சொல்றேன்" என்றாள்.

பீளமேட்டில் ஏரோப்ளேன் ஏறினாள், பம்பாய் போய் அங்கிருந்து வெளிநாடு. மச்சானும் நானும் போய் விட்டுவந்தோம். அம்மா வரவில்லை. வழியில் தின்ன வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் கொடுத்துவிட்டாள். அக்காள் பொட்டலத்தைத் திறந்து பார்த்து மூடினாள். "போயிட்டு வாங்கக்கா" என்றேன். "நீ முழுங்கிராம பேசு" என்றாள்.

சீர் அன்றைக்குப் பந்தல் நிறையக் கூட்டம். பெண் வீட்டார் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் சேதி போயிருந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னை மணைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். சித்தப்பா மகள் ஓரமாக நின்றாள். அருமைக்காரர் சேலையை விரித்துக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார்.

"மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ இருக்கறாளா?"

"இருக்கறாங்க" என்றேன்.

"எங்க?"

கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"வெளிநாட்டுக்குப் போயிருக்காங்க. ஒரு பரிசு கொடுக்கறாங்க. அது இன்னிக்குத்தான். நான்தான் போகச் சொன்னனுங்க. தோட்டம் தொரவுன்னு ஒண்ணுமில்லீங்க. சித்தப்பா மகளைக் கேட்டது நானு. அக்காகிட்டச் சொல்லாமயே கேட்டுப்போட்டேன். அதுல வந்த பேச்சுத்தானுங்க இது."

பின்னாலிருந்து ஒருத்தன், "டேய், வாயத் தொறந்துட்டான்டா" என்றான். யாரோ அவனை அதட்டினார்கள்.

முன் வரிசையில் சித்தப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "அது செரி. கூடப் பொறந்தவன் சீரை விட்டுப்போட்டுப் போற அளவுக்கு அது என்ன பரிசுப்பா? என்னமோ அலைங்கறாங்க. சனத்துக்கு விளங்கறாப்பல சொல்லு."

"கண்ணுக்குத் தெரியாதுங்க சித்தப்பா. பித்தளைப் புனல்ல இருந்து வருது. நான் பாத்தேன்."

"கண்ணுக்குத் தெரியாததை நீ எப்படிப் பாத்தே?"

பந்தலே சிரித்தது. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"முள்ளுல பாத்தனுங்க. இந்தத் துண்டைக் குறுக்கால பிடிச்சா அலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருது. நனைச்சுப் பிடிச்சா நின்னுக்குது. எவ்வளவு நிக்குதோ அவ்வளவு ஈரம். துணின்னாலும் அப்படித்தான், பஞ்சுன்னாலும் அப்படித்தான், நூலுன்னாலும் அப்படித்தான்."

"அதை வச்சு என்ன பண்றது?"

"எடை போட்டு விக்கற நூல் மூட்டையில தண்ணி எவ்வளவு, நூல் எவ்வளவுன்னு பிரிக்காமயே சொல்லிரலாமுங்க."

தறிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருத்தர் தொடையைத் தட்டினார்.

"அப்பப் போச்சு! உங்க சித்தப்பன் பொழப்புல மண்ணு!"

"நானாடா தண்ணி தெளிக்கறேன்? மில்லுலயே அப்படித்தாண்டா வருது!" சித்தப்பா எழுந்துவிட்டார்.

"மில்லுல ஈரம், உங்க குடோனுல வெள்ளமுங்க!"

"ஏனுங்க மாப்பிள்ளை, அந்தப் புனல் என்ன வெலைங்க? தறிக்கு ஒண்ணு வாங்கி வெச்சுக்கறோம்!"

சித்தப்பாவே சிரித்துவிட்டார். பெண் வீட்டார் பக்கமும் சிரிப்பு போனது. அருமைக்காரர் கையைத் தூக்கினார். அடங்கினார்கள்.

"சனம் என்ன சொல்லுது?"

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. பெண்கள் பக்கமிருந்து. சபையில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"எம்புள்ளை ஒறவறுத்துட்டுப் போகலீங்க. நான் கச்சாயம் சுட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கறேன்."

"செரி" என்றார் ஒரு பெரியவர். அப்புறம் நாலு பக்கமும் செரி, செரி என்றார்கள். அருமைக்காரர் சித்தப்பா மகளைக் கூப்பிட்டுச் சேலைத் தலைப்பைக் கொடுத்தார்.

"நிக்கறது இவ. சீரு அவளுக்கு. சீர்ச் சேலை அவ கைக்குப் போகோணும், ஆமா."

சீர் நடந்தது. காலையில் முகூர்த்தமும் நடந்தது.

அக்காள் வந்த பிறகு நானும் என் வீட்டுக்காரியும் விருந்துக்குக் கணபதிக்குப் போனோம். சேலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிக்கொண்டு வந்துதான் இலை போட்டாள்.

மெடலைக் காட்டினாள். உள்ளங்கை அகலம். மேலே அலை மாதிரி ஒரு கோடு, கீழே இங்கிலீசில் அக்காள் பெயர். தங்கமில்லை. சித்தப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று முடிவு பண்ணினேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கனமாக இருந்தது.

"அங்க கேள்வி கேட்டாங்களா?"

"கேட்டாங்க, கேட்டாங்க. சாப்பாட்டு நேரம் தாண்டியும் விடலை. ஒருத்தர், அவர் எழுதினதை நான் சின்ன வயசுல இருந்து படிச்சுட்டு வர்றேன். பாத்தா நம்ம அருமைக்காரராட்டவே இருக்காரு. காதுல முடி." சிரித்தாள். "அது கிடக்கட்டும். நீ என்ன சொன்னே? அம்மா சொன்னதுல ஒண்ணும் விளங்கலை. நீ சித்தப்பாவைப் பிடிச்சுக் குடுத்துட்டீன்னு மட்டும் சொன்னாங்க."

சொன்னேன். சபையில் சொன்ன மாதிரியே சொன்னேன். ரசத்தை ஊற்றப்போனவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். முகத்தில் சிரிப்பு வந்தது.

என் வீட்டுக்காரி பயந்துவிட்டாள். "ஏனுங்க அண்ணி, அவங்க சொன்னது தப்புங்களா?"

"முக்காவாசி செரி, அம்மணி. சொன்ன வரைக்கும் உலகத்துக்கே தெரிஞ்சது. அதுக்கெல்லாம் பரிசு குடுக்கமாட்டாங்க."

"அப்ப எதுக்குக் கொடுத்தாங்க?" என்றேன்.

"ஈரம் இருந்தா அலை நின்னுக்கும்னு சொன்னே இல்ல? நிக்காத ஈரம் ஒண்ணு இருக்குது. அதுக்கு."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். அவள் உட்கார்ந்துகொண்டாள்.

"ஷிப்டு முடிஞ்சு ஆளுங்க வெளிய வர்றாங்க. தனியா வர்றவன் ஒருத்தனைப் பிடிச்சு ஆட்டினா ஆடுவான். ரெண்டு பக்கமும் கை கோத்துட்டு வர்றவனை ஆட்டு. ஆடுவானா?"

"ஆடமாட்டான்."

"தண்ணியும் அப்படித்தான். டம்ளர்ல இருக்கறது தனியாள். அலை வந்தா கூடவே ஆடும். ஆடி ஆடி அலையோட பலத்தை வாங்கிக்கும். பஞ்சுக்குள்ள போன தண்ணியில கொஞ்சம் பஞ்சைக் கெட்டியாப் பிடிச்சுட்டிருக்கும். அது ஆடாது. அலை அதுபாட்டுக்குத் தாண்டிப் போயிரும். முள்ளைப் பாத்தா நூலு காஞ்சிருக்குதும்பே. ஆனா உள்ள ஈரம் இருக்கும். அந்த ஒளிஞ்சிருக்கற ஈரம் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கறதுக்கு ஒரு வழி சொன்னேன். அது ஒண்ணுதான் நான் பண்ணினது."

"அப்ப வெறும் முள்ளை நம்பினா உங்க சித்தப்பா அந்த அளவுக்குத் தப்பிச்சுக்குவாருங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

அக்காள் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உன்னைவிட வெவரம்டா" என்றாள்.

எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற தண்ணி, மேலும் தண்ணி வந்தால் கையை விடுமா? விட்டால் எப்போது விடும்? வெயிலில் காயப்போட்டால் எது முதலில் போகும், தனியாளா, கை கோத்ததா? கேட்டேன். அக்காள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணி டம்ளரை இழுத்துக்கொண்டாள். இலையில் சோறு ஆறிப்போனது. புரிந்த மாதிரி இருந்தது, புரியவில்லை. முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.